சகோதரர் சங்கங்கள்: கேட்பதும் கொடுப்பதும்

பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் நம் வீடுகளிலே மூன்று கேள்விகள் எழுகின்றன. எந்தப் பீடம்? தங்குவதற்கு விடுதி உண்டா? அங்கே நமக்குத் தெரிந்தவர் யார் இருக்கிறார்? முதலிரண்டு கேள்விகளுக்கும் பல்கலைக்கழகமே எழுத்து மூலம் விடை அனுப்பிவிடும். மூன்றாம் கேள்விக்கு விடை தேடித் தாய் தந்தையர் ஊரெல்லாம் விசாரிப்பர். கீரிமலையிலிருந்து பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ புறப்படும் பிள்ளையின் தாய்க்கு, "எங்கள் பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருவன் அங்கே மூன்றாம் வருடம் படிக்கிறான்" என்ற ஒரு சொல் எவ்வளவு ஆறுதலைத் தருகின்றது!

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டு, பத்தொன்பது வயதிலே வீட்டைவிட்டு நெடுந்தூரம் சென்று, முன்பின் அறியாதவர் நடுவில் வாழத் தொடங்கும் இளைஞன் எந்த நாட்டினனாயினும் முதலில் தேடுவது ஒரு துணையையே. அந்த வேட்கையே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே 'சகோதரர் சங்கம்', 'சகோதரியர் சங்கம்' என்னும் விநோதமான அமைப்புகளைத் தோற்றுவித்தது. இன்று நம்மவர் பிள்ளைகள் பலர் அமெரிக்காவிலும் கனடாவிலும் கல்வி கற்கின்றனர். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளையின் மேற்சட்டையிலே இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள் பொறித்திருந்தால், "இது என்ன எழுத்து, தம்பி?" என்று பாட்டி கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை கூறுவதும், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் அந்த வரலாற்றிலே ஒரு பாடம் உண்டென்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க எழுத்துகளின் கதை

அமெரிக்கா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த அதே 1776 ஆம் ஆண்டில், டிசம்பர் 5 ஆந் திகதி, வேர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அன்ட் மேரி கல்லூரி மாணவர் சிலர் ஒன்றுகூடி ஓர் இரகசியச் சங்கத்தை அமைத்தனர். ஞானத்தின்மீது கொண்ட அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்னும் பொருளுடைய கிரேக்க வாசகம் ஒன்றைத் தமக்குரிய முதுமொழியாகக் கொண்டு, அதன் முதலெழுத்துகளாலேயே தம் சங்கத்துக்குப் 'பை பீற்றா கப்பா' என்று பெயரிட்டனர். அங்கத்தவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு ஒரு தனிக் கைகுலுக்கல், ஒரு பதக்கம், ஓர் உறுதிமொழி ஆகியனவும் வகுக்கப்பட்டன.

இரகசியம் எதற்கு என்ற ஐயம் எழலாம். அக்காலக் கல்லூரிகளிலே இலத்தீனையும் கிரேக்கத்தையும் மனனம் செய்து ஒப்புவிப்பதே கல்வியாக இருந்தது. அரசியலையும் சமயத்தையும் பற்றித் தம் மனத்துக்குப் பட்டதைத் தயக்கமின்றி விவாதிப்பதற்கு ஆசிரியரின் கண்காணிப்பற்ற ஓர் அறை மாணவருக்குத் தேவைப்பட்டது. ஆதலால் முதற் சகோதரர் சங்கம் உண்மையில் ஒரு வாதசபையே. 1831 ஆம் ஆண்டில் அது தன் இரகசியத்தைக் கைவிட்டது. இன்று மிகச் சிறந்த கல்வித் தேர்ச்சி பெற்றோரைக் கௌரவிக்கும் சங்கமாக அது விளங்குகின்றது.

நட்பையும் கூட்டு வாழ்வையுமே முதல் நோக்கமாகக் கொண்ட சங்கங்கள் அதன் பின்னரே பெருகின. நியூயோர்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825 ஆம் ஆண்டில் தோன்றிய 'கப்பா அல்பா' அவற்றுக்கு முன்னோடி. பின்னர் ஒவ்வொரு சங்கமும் பல கல்லூரிகளிலே கிளை பரப்பியது. கல்லூரி விடுதிகளிலே இடம் போதாத காலத்தில் சங்கங்கள் தமக்கென வீடுகளை வாங்கின. புதிய மாணவன் முதலில் அவ்வீடுகளுக்கு விருந்தினனாகச் சென்று வருவான். பிடித்தவனாயின் அழைப்பு வரும். சில வாரம் பரீட்சார்த்த உறுப்பினனாக இருந்தபின் ஓர் இரவிலே சடங்கும் சத்தியமும் நடக்கும். அன்றுமுதல் அவன் அவ்வீட்டாருக்குச் சகோதரன்.

பெண்களின் வரலாறு இன்னும் கருத்துக்குரியது. ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் பெண்களுக்கென்றே நடந்த கல்லூரியொன்றில் 1851 ஆம் ஆண்டிலேயே 'அடெல்பியன்' சங்கம் அமைந்தது. ஆண்களுக்குரிய கல்லூரிகளின் கதவு பெண்களுக்குத் திறந்தபோது, அங்கு நுழைந்த சிலர் நூற்றுக்கணக்கான ஆண்களின் நடுவே ஏளனத்துக்கு ஆளாயினர். இந்தியானா மாநிலத்தில் அக்காலத்தில் ஆஸ்பெரி எனப்பட்ட கல்லூரியின் மாணவியர் நால்வர் 1870 ஆம் ஆண்டு ஜனவரியில் 'கப்பா அல்பா தீற்றா' என்னும் சங்கத்தை நிறுவியது அந்நிலையிலேதான். அவர்களுக்குச் சங்கம் பொழுதுபோக்கன்று. வகுப்பிலே தலைநிமிர்ந்து உட்காருவதற்கு வேண்டிய துணிவு அது. இன்று இத்தகைய பழைய சகோதரியர் சங்கங்கள் 26 ஒரு தேசியப் பேரவையாக இணைந்துள்ளன.

உள்ளே இருப்போரும் வெளியே நிற்போரும்

இச்சங்கங்கள் தம் அங்கத்தவருக்கு அளிக்கும் நன்மை சிறிதன்று. பல்லாயிரம் மாணவர் கற்கும் பெருங் கலாசாலையில், பெயர் சொல்லி அழைப்பதற்கு ஐம்பது பேர் உளர் என்பதே முதல் நன்மை. நோயுற்றால் கஞ்சி கொடுப்பார் உளர்; பாடத்தில் பின்தங்கினால் சொல்லிக் கொடுக்கும் மூத்தவர் உளர். பட்டம் பெற்றபின் உத்தியோகம் தேடும்போது, முப்பதாண்டுக்கு முன் அதே வீட்டில் வாழ்ந்த முதலாளி ஒருவர் கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்.

இக்கடைசி நன்மையிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. யேல் பல்கலைக்கழகத்தில் 1832 ஆம் ஆண்டில் தோன்றிய 'மண்டையோடும் எலும்புகளும்' என்னும் இரகசியச் சங்கம் ஆண்டுதோறும் பதினைந்து பேரையே சேர்த்துக்கொள்ளும் வழக்கமுடையது. அச்சிறு கூட்டத்திலிருந்து வில்லியம் ராவ்ற், தந்தை புஷ், மகன் புஷ் ஆகிய மூவர் அமெரிக்க ஜனாதிபதிகளாயினர். 2004 ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிரெதிரே நின்ற புஷ், கெரி இருவருமே அச்சங்கத்தினர்! கோடிக்கணக்கான வாக்காளர் தெரிவு செய்யுமுன்னரே, ஒரு கல்லூரி அறையில் இளைஞர் சிலர் செய்த தெரிவு அங்கே பாதி வேலையை முடித்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகின்றதன்றோ?

அத்தெரிவு திறமை ஒன்றையே நோக்கி நடந்ததுமன்று. கறுப்பர், யூதர், ஆசியர் ஆகியோரைச் சேர்ப்பதில்லை என்னும் விதி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல சங்கங்களில் எழுத்திலேயே இருந்தது. கதவு சாத்தப்பட்டவர் என்ன செய்தனர்? தாமே ஒரு வீடு கட்டினர். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் எழுவர் 1906 ஆம் ஆண்டில் 'அல்பா பை அல்பா'வை அமைத்தனர். மார்ட்டின் லூதர் கிங் பிற்காலத்தில் அதன் அங்கத்தவரானார். வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் 1908 ஆம் ஆண்டில் 'அல்பா கப்பா அல்பா'வைத் தொடங்கினர். தமிழ்நாட்டைச் சேர்ந்த சியாமளா கோபாலனின் மகளும், 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவருமான கமலா ஹாரிஸ், ஹோவார்டிலே கற்ற காலத்தில் இச்சகோதரியருள் ஒருவரானவர். 1990களில் தெற்காசிய மாணவரும் மாணவியரும் தமக்கென இத்தகைய சங்கங்களை அமைக்கத் தொடங்கினர். பாட்டி கண்ட மேற்சட்டை எழுத்துகள் அவற்றுள் ஒன்றின் பெயராகவும் இருக்கலாம்.

பல்கலைக்கழகங்களும் வாளாவிருக்கவில்லை. மசாசூசெற்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி, மாணவரை உள்ளோர் புறத்தோர் எனப் பிரிக்கும் ஏற்பாடு கல்விக்குக் கேடு எனத் தெளிந்து, தன் வளாகத்தில் நூறாண்டுக்கு மேல் இருந்த சகோதரர் சங்க வீடுகளை ஒழிக்க 1962 ஆம் ஆண்டில் முடிவு செய்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகம், ஆணுக்கோ பெண்ணுக்கோ மட்டும் உரிய சங்கங்களிற் சேர்வோர் விளையாட்டுத் தலைமை முதலிய பதவிகளை வகித்தலாகாது என 2016 ஆம் ஆண்டில் அறிவித்தது; நீதிமன்ற வழக்குகளின் பின் 2020 ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது.

வாயிற்படியில் நடப்பது

உள்ளே சென்றவன் பெறும் நன்மையைக் கண்டோம். உள்ளே செல்வதற்கு அவன் கொடுக்கும் விலையையும் காண வேண்டும். பரீட்சார்த்த காலத்தில் புதியவனைத் தூங்கவிடாமற் செய்தல், அடித்தல், இழிவான செயல்களைச் செய்வித்தல், அளவுக்கு மிஞ்சிய மதுவைப் பருகச் செய்தல் ஆகிய கொடுமைகள் பல சங்கங்களிலே சடங்காக வளர்ந்துவிட்டன. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகச் சங்க வீடொன்றில், மது அருந்துவிக்கப்பட்ட பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் படிக்கட்டிலிருந்து விழுந்தார். 'சகோதரர்' எனப்பட்டோர் மறுநாட் காலைவரை வைத்திய உதவியை அழைக்கவில்லை. அவர் இறந்தார். இத்தகைய மரணங்கள் பலவற்றின் பின்னரே, பல்கலைக்கழகங்கள் இக்கொடுமைகளைக் கணக்கெடுத்துப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்னும் மத்திய சட்டம் 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறியது.

இதை வாசிக்கும் பெற்றோர், 'இது அமெரிக்காவின் நோய்' என்று ஆறுதல் கொள்ள இயலாது. நம் நாட்டில் கிரேக்க எழுத்தும் இல்லை, சங்க வீடும் இல்லை. ஆயினும் பகிடிவதை உண்டு. 1975 ஆம் ஆண்டில் பேராதனையில், இராமநாதன் விடுதியிலே பகிடிவதைக்குத் தப்பும்பொருட்டு மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாதவரானார். 1997 ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்துக்குச் சென்ற தமிழ் மாணவர் ஒருவர், கடுமையான தேகப்பயிற்சிகளைச் செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவரை வதைத்தோர் வேற்று இனத்தவரோ வேற்று மொழியினரோ அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. தாய் தந்தையர் தேடித் திரியும் அந்த 'நம்மவர்' வாயிலாகவும் ஆபத்து வரும்.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதை செய்தவருக்கு இரண்டாண்டு வரையும், பாரதூரமான காயமோ பாலியற் கொடுமையோ விளைவித்தவருக்குப் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் வழக்கம் ஒழியவில்லை. காரணம் யாது? அதை ஆதரிப்போர் கூறும் நியாயத்திலேயே காரணமும் உண்டு. "ஒன்றாகத் துன்பப்பட்டால் ஒற்றுமை வரும், பணக்காரன், ஏழை, பட்டணத்தான், கிராமத்தான் என்ற பேதம் தீரும்" என்பர்.

இந்நியாயத்தை நாம் அலட்சியம் செய்யாமல் ஆராய வேண்டும். ஒருங்கே துன்புற்றோர் நெருங்குவர் என்பது மெய்யே. ஆனால் பகிடிவதையிலே பேதம் தீர்வதில்லை. மூத்தோன், இளையோன் என்ற புதியதொரு பேதம் முளைக்கின்றது. இவ்வாண்டு முழந்தாளிட்டவன் அடுத்த ஆண்டு பிறனை முழந்தாளிடச் செய்வதையே தன் துன்பத்துக்குரிய நட்டஈடாகக் கருதுகின்றான். நம் பிள்ளைகள் மூத்த மாணவரை 'அண்ணா' என்றும் 'அக்கா' என்றும் அழைக்கின்றனர். தமிழிலே அச்சொற்களுக்கு உரிமையைவிடக் கடமையே மிகுதி. தகப்பன் இல்லாத வீட்டிலே தம்பி தங்கையரைக் கரையேற்றிவிட்டுத் தன் திருமணத்தைப் பின்போட்ட அண்ணன்மாரை யாழ்ப்பாணத்தில் எத்தனை கிராமங்களிலே காண்கிறோம்! அப்பெயரால் அழைக்கப்படுபவன் தம்பியை வதைப்பது அச்சொல்லுக்கே செய்யும் துரோகமாகும்.

வைக்கோற்போரிலிருந்து தெல்லிப்பழைக்கு

மாணவர் சகோதரத்துவம் வேறு விதமாகவும் அமையலாம் என்பதற்குச் சான்று தேடி நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. கீரிமலைக்குச் சில மைல் தொலைவிலுள்ள தெல்லிப்பழையின் வரலாறே ஒரு சான்று.

மேலே கூறிய அதே வில்லியம்ஸ் கல்லூரியில், சங்க வீடுகள் தோன்றுவதற்கு முன்னர், 1806 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், மாணவர் ஐவர் வெளியிலே பிரார்த்தனைக்குக் கூடியபோது இடியும் மழையும் வந்தன. அவர்கள் ஒரு வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கினர். அங்கேதான் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்று பணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடையே உறுதிப்பட்டது. 1808 ஆம் ஆண்டில் அவர்களுட் சிலர் 'சகோதரர்' என்ற பெயரிலே ஓர் இரகசியச் சங்கத்தை அமைத்தனர். அதன் விதிகளைக் குறியீட்டு எழுத்தில் எழுதி வைத்தனர். தூரதேசம் செல்லத் தன்னை ஒப்புக்கொடுப்பவனே அதில் சேரலாம். இரகசியம் இங்கும் உண்டு, சத்தியம் இங்கும் உண்டு. ஆயின் அச்சங்கம் கேட்ட விலை புதியவனின் மானம் அன்று, அவனுடைய வாழ்க்கை.

அந்த ஐவருள்ளும் அச்சங்கத்தினருள்ளும் ஒருவர் ஜேம்ஸ் றிச்சார்ட்ஸ். 1816 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாருள் அவரும் இருந்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் தம் முதல் நிலையங்களை அமைத்தனர். நோயுடன் போராடிய றிச்சார்ட்ஸ் 1822 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மண்ணிலேயே உயிர் நீத்தார். அவருடைய தோழர்கள் 1823 ஆம் ஆண்டில் தொடக்கிய வட்டுக்கோட்டை செமினரியிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றித் தாமோதரம்பிள்ளை செய்த தொண்டைத் தமிழுலகம் அறியும்.

அவர்கள் கொண்டுவந்த சமயம் நம் சமயமன்று. அவர்களுடைய மதமாற்ற முயற்சிக்கு எதிராகவே ஆறுமுக நாவலர் எழுந்தார். 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1888 ஆம் ஆண்டில் அமைந்த சைவ பரிபாலன சபை, இந்துக் கல்லூரியைப் பேணி வளர்த்தது. ஒரு சகோதரத்துவத்துக்கு மறுமொழியாக மற்றொரு சகோதரத்துவம் தோன்றி, இரண்டும் போட்டியிட்டுப் பள்ளிக்கூடங்களைக் கட்டியமையால் நன்மை பெற்றவர்கள் இக்குடாநாட்டுப் பிள்ளைகளே. கருத்து வேற்றுமைக்கு அப்பால் நின்று நாம் இவ்வளவைக் கூறலாம்: அவ்விரு கூட்டத்தாரும் தாம் பெற்றதைத் தமக்குள்ளே பங்கிட்டுக் கொள்ளவில்லை.

மாணவர் காங்கிரஸ்

நூறாண்டு கழித்து நம் மாணவரே ஒரு பெருஞ் சகோதரத்துவத்தை அமைத்தனர். 1924 ஆம் ஆண்டு டிசம்பரில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தொடக்கினர். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. கீரிமலையும் அதன் மாநாடு கூடிய இடங்களுள் ஒன்று. பல்வேறு பாடசாலைகளைச் சேர்ந்த மாணவரும் ஆசிரியரும் சைவர், கிறிஸ்தவர் என்ற வேற்றுமையின்றிக் கூடினர். சமபந்தி போசனத்தை அவர்கள் வழக்கமாக்கினர். ஒருவன் யாருடன் உண்பான், யாருடன் உண்ணான் என்பதே அவனுடைய நிலையைத் தீர்மானித்த காலம் அது. அக்காலத்திலே ஒரே பந்தியில் அமர்தல், எந்தச் சகோதரர் சங்கத்தின் சத்தியத்தையும்விடக் கடினமான சத்தியம்.

1927 ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இம்மாணவரின் அழைப்பின் பேரிலேயே. தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, சிங்களவர் தமிழரிடையே நல்லுறவு, பூரண சுதந்திரம் ஆகியன அவர்களுடைய கோரிக்கைகள். 1931 ஆம் ஆண்டில் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் கேட்டபோது, காங்கேசன்துறை உட்படக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவருமே வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அம்முடிவு சரியானதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இளைஞரின் ஒற்றுமைக்கு இருந்த வலிமையை மட்டும் எவரும் மறுப்பதில்லை.

பத்தாண்டுகளுக்குள் அவ்வியக்கம் தளர்ந்தது. அவர்கள் எழுப்பிய சமத்துவக் கேள்விக்கு நம் சமூகம் எளிதில் விடை தரவுமில்லை. கீரிமலைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968 ஆம் ஆண்டில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமே அதற்குச் சாட்சி. ஆயினும் அச்சங்கத்தில் உருவானவர்கள் வீணாகவில்லை. பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும், 'ஒறேற்றர்' சுப்பிரமணியம் கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினர். கிறிஸ்தவக் கல்லூரியிலே கற்பித்த ஒருவரை இந்துக் கல்லூரி தலைமைக்கு அழைத்தது. அச்சகோதரத்துவம் நாளடைவில் ஈன்ற கனிகளுள் இதுவும் ஒன்றென்க.

நம் சங்கங்கள்

இன்று நம்மிடம் உள்ள மாணவர் சங்கங்கள் எவை? பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இந்து மாணவர் சங்கங்களும் உள்ளன. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' மலரில் எழுதிப் பழகியோர் பலர் பின்னாளிலே பேராசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கினர். மலைநாட்டிலே நம் பிள்ளைகள் வழிபடும் குறிஞ்சிக் குமரன் கோயில் அங்குள்ள இந்து மாணவர் சங்கத்தின் ஆதரவில் எழுந்தது. இவற்றிலே சேர்வதற்கு எவரும் முழந்தாளிட வேண்டியதில்லை. பகிடிவதையின்றி நட்பு வளராது என்போர் இவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நம்மவரிடையே மிக வலிமை வாய்ந்தது பழைய மாணவர் சங்கமே. அமெரிக்கனுக்குச் சகோதரர் சங்கம் எதுவோ, யாழ்ப்பாணத்தானுக்குப் பழைய மாணவர் சங்கம் அது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருவர் சந்தித்தால், "நீங்கள் எந்தக் கல்லூரி?" என்பதே இரண்டாம் வினா. 1990 ஆம் ஆண்டில் கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, தெல்லிப்பழைப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடங்களும் இடம்பெயர்ந்தன. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 ஆம் ஆண்டில் நிறுவிய மகாஜனக் கல்லூரியும், காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியும் தம் சொந்த மண்ணைவிட்டு வேற்றிடங்களிலே வகுப்பு நடத்தின. கட்டடம் போனபின்னும் கல்லூரி இருந்ததென்றால், ஆசிரியரோடும் மாணவரோடும் பழைய மாணவரின் நினைவிலும் அது இருந்ததே காரணம். அவர்கள் அனுப்பிய பணம் மேசையாகவும் நூலாகவும் உபகாரப் பணமாகவும் மாறியது.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சங்கத்தின் அன்பு தன் கல்லூரியின் மதிலோடு நின்றுவிடுமாயின், வளமான பாடசாலைக்கு இரண்டாவது மண்டபம் எழும். அதன் அயலிலே கடற்றொழிலாளர் பிள்ளைகள் கற்கும் சிறு பாடசாலைக்கு ஒழுகாத கூரையும் கிடையாது. பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர் உலகெங்கும் உளர். சிறிய பாடசாலைக்கு அத்தகைய உறவினர் இல்லை. நல்ல மனத்தோடு செய்யும் தருமமே பேதத்தைப் பெருக்கும் விந்தை இது. யேல் கல்லூரியின் பதினைந்து பேரைப் பற்றி வியந்து பேசும் நாம், நம் சங்கக் கூட்டங்களிலே இதையும் பேசுதல் நன்று. மண்டபத்துக்குச் சேரும் நிதியில் ஒரு பங்கை அயற்பாடசாலைக்கு ஒதுக்குவதென ஒரு சங்கம் தீர்மானித்தால், மற்றவை பின்தொடரும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

வெளியூருக்குப் புறப்படும் மாணவ மாணவியருக்கு, அது பேராதனையாயினும் பொஸ்ரனாயினும், நாம் கூறுவது இதுவே: தனித்து இராதீர்கள், ஒரு சங்கத்தில் சேருங்கள். தனிமையே இளம் வயதின் பெரும் பகை. ஆனால் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாயிலில் இச்சங்கம் என்னிடம் எதைக் கேட்கின்றது, உழைப்பையா, மானத்தையா? அங்கே நடப்பதை என் தாய் தந்தையரிடம் நான் வாய்விட்டுச் சொல்ல இயலுமா? இச்சங்கத்திலே சேராத ஒருவனுக்கு இதனால் ஏதேனும் நன்மை உண்டா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் தயங்காது சேரலாம். முதற் கேள்விக்கே விடை பிழைத்தால் திரும்பிவிடுங்கள். அவ்வாறு திரும்பியோர் நட்பின்றி வாழ்ந்ததில்லை.

மூத்த மாணவருக்கும் ஒரு சொல். புதிதாய் வருபவனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையைக் காட்டுங்கள். நூலகம் எங்கே, குறைந்த செலவிற் சாப்பாடு எங்கே, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக் கொடுங்கள். அவன் உங்களை வாழ்நாள் முழுதும் அண்ணா என்றழைப்பான்.

பெற்றோருக்குக் கூறுவது யாதெனில், பிள்ளை தொலைபேசியில் பேசும்போது பரீட்சைப் புள்ளியை மட்டும் கேளாதீர்கள். யாருடன் உண்கிறாய், இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறாய் என்றும் கேளுங்கள். வதைபடும் பிள்ளை பெரும்பாலும் உண்மையை மறைக்கும். வழக்கமாய்ப் பேசுகின்றவன் மௌனியானால், அடுத்த பஸ்ஸிலே ஏறி ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். தேவையாயின் பீடாதிபதியிடமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடத் தயங்காதீர்கள். 'பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும்' என்று அஞ்சி அடங்கியிருந்த வீடுகளிலே படிப்பினும் பெரியது இழக்கப்பட்டதுண்டு.

இவ்வாண்டும் கீரிமலையிலிருந்து சில பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்வர். "அங்கே நமக்குத் தெரிந்தவர் யார்?" என்று தாய்மார் விசாரிப்பர். அக்கேள்விக்கு விடையாக ஏற்கெனவே அங்கிருக்கும் நம் மாணவர், தம் பெயரைச் சொல்லக் கேட்ட தாய் நிம்மதியாக உறங்கும்படி நடந்துகொள்வாராக.